டைராடிக்கலை உயிரோடு வைத்திருக்க எந்த வழி?

இணை சேராத தனி எலக்ட்ரான் ஒன்று இருக்கும் மூலக்கூறு ராடிக்கல், இரண்டு இருந்தால் டைராடிக்கல். அந்த வகையைச் சேர்ந்த சிச்சிபாபின் ஹைட்ரோகார்பனை நான் முதன்முதலாகத் தயாரித்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. காற்று புகாமல் வேலை செய்ய உதவும் ஷ்லெங்க் குடுவைக்குள் நீலமும் ஊதாவும் கலந்த அடர்த்தியான கரைசல். பார்த்த சந்தோஷத்தில் ரப்பர் செப்டத்தை (குடுவையின் மூடியை)ச் சரியாக அழுத்தி மூடாமல் விட்டுவிட்டேன். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் நிறம் போய்விட்டிருந்தது. அடியில் வெளிறிய வீழ்படிவு. உள்ளே கசிந்த ஆக்சிஜன், மூலக்கூறுகளின் முனைகளைப் பெராக்சைடுப் பாலங்களால் ஒன்றோடொன்று கோத்துவிட்டது.

சில ஆண்டுகள் கழித்து, எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருவர் கேட்டார்: "அக்கா, டைராடிக்கலை நிலைப்படுத்த நாலு வழி இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. எதை வச்சு முடிவு பண்றது?" அவருக்கு வேண்டியது, இரண்டு தனி எலக்ட்ரான்களும் ஒரே திசையில் சுழலும் ட்ரிப்லெட் மூலக்கூறு. அதை ஈபிஆரிலும் (தனி எலக்ட்ரான்களைக் காட்டும் நிறமாலை முறை) காந்த அளவியிலும் அளக்க வேண்டும், பிறகு மெல்லிய படலமாகப் பூச வேண்டும். தொகுப்புக்கு, அதாவது மூலக்கூறைச் செய்து முடிக்க, கையில் இருப்பது ஒன்றரை ஆண்டு. அன்று பாதிதான் பதில் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

பெரும்பாலான மறுஆய்வுக் கட்டுரைகள் நான்கு வழிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றும் "நிலைத்தன்மை தருகிறது" என்று முடித்துவிடும். எதற்கு எதிரான நிலைத்தன்மை என்பதை அழுத்திச் சொல்வது குறைவு. டைராடிக்கலுக்குச் சாவு பல வழிகளில் வரும். ஒரு வழியை அடைக்கும் கவசம் இன்னொன்றைத் திறந்தே வைத்திருக்கலாம். ஆகவே முதலில் எதிரிகளைப் பார்த்துவிடுவோம்.

முதல் எதிரி ஆக்சிஜன். அதுவும் ஒரு டைராடிக்கல்தான், இரண்டு தனி எலக்ட்ரான்கள் கொண்ட ட்ரிப்லெட். சாதாரணக் கரிமச் சேர்மங்களில் எலக்ட்ரான்கள் எல்லாம் இணை சேர்ந்திருப்பதால், ஸ்பின் (எலக்ட்ரானின் சுழற்சி) விதி குறுக்கே நின்று ஆக்சிஜனைத் தடுக்கிறது. நாமும் மரமும் காகிதமும் காற்றில் பற்றி எரியாமல் இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். தனி எலக்ட்ரான் கொண்ட கார்பனுக்கு அந்தத் தடை கிடையாது. பென்சைல் போன்ற எளிய கார்பன் ராடிக்கல் ஆக்சிஜனைச் சந்தித்தால், ஏறக்குறைய ஒவ்வொரு சந்திப்பிலும் பிணைப்பு உண்டாகிவிடும். வினைவேக மாறிலி விநாடிக்கு ஒரு மோலார் செறிவில் 10⁹ என்ற அளவில் இருக்கும். காற்று நிறைந்த டொலுயீனில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சுமார் 2 மில்லிமோலார். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் அந்த ராடிக்கலின் ஆயுள் அரை மைக்ரோ விநாடி அளவுக்குத்தான் வருகிறது. சிச்சிபாபின் அவ்வளவு மோசமில்லை என்பதால்தான் என்னுடையது ஒரு மதிய வேளை வரை தாங்கியது.

இரண்டாவது எதிரி தன் இனமேதான். 1900இல் மோசஸ் கோம்பெர்க் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ட்ரைபினைல்மெத்தில் ராடிக்கலைக் கண்டபோது, கரைசலில் அதன் பெரும்பகுதி டைமராக (இரண்டு மூலக்கூறுகள் ஒட்டிய ஜோடியாக) இருந்தது. அந்த டைமரில் இரண்டு மையக் கார்பன்களும் ஒன்றையொன்று பிடித்திருக்கின்றன என்றே நெடுநாள் எண்ணியிருந்தார்கள். 1968இல்தான் தெளிவாயிற்று: ஒன்றின் மையக் கார்பன், மற்றதன் பென்சீன் வளையத்தில் பாரா இடத்தை (நேர் எதிரே உள்ள கார்பனை)ப் போய்ப் பிடித்திருந்தது. இந்தச் சிறு விவரத்தில் ஒரு பெரிய எச்சரிக்கை இருக்கிறது. மையத்தை மட்டும் மூடிவிட்டால் போதாது. ஸ்பின், அதாவது அந்தத் தனி எலக்ட்ரானின் பங்கு, எங்கெல்லாம் பரவியிருக்கிறதோ அங்கெல்லாம் வாசல் திறந்திருக்கிறது.

மூன்றாவது, ஹைட்ரஜன் பறிப்பு. டைராடிக்கல் கரைப்பானிலிருந்தோ பக்கத்து மூலக்கூறிலிருந்தோ ஹைட்ரஜனை இழுத்து, தன் ராடிக்கல் தன்மையை இழந்துவிடும். சிலருக்கு வேண்டியதே இதுதான். காலிக்கியாமைசின் போன்ற ஈன்டையீன் இயற்கைப் பொருள்கள், ராபர்ட் பெர்க்மேன் 1972இல் விளக்கிய வளையமாக்கலின் மூலம் பாரா-பென்சைன் வகை டைராடிக்கலை உண்டாக்கி, டிஎன்ஏவின் சர்க்கரைப் பகுதியிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கி இழையை அறுக்கின்றன.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இரண்டு ராடிக்கல் மையங்கள் இருந்தால் வினை இரட்டிப்பு வேகத்தில் நடக்கும் என்று தோன்றும். 1996இல் ஷோட்டெலியஸும் பீட்டர் சென்னும் 9,10-டீஹைட்ரோஆந்திரசீனை வைத்து அளந்தபோது, வளையக் கார்பனில் தனி எலக்ட்ரான் ஒன்று மட்டும் உள்ள அரைல் ராடிக்கலைவிடச் சுமார் நூறு மடங்கு மெதுவாக அது ஹைட்ரஜனைப் பறித்தது. அது சிங்லெட், அதாவது இரண்டு எலக்ட்ரான்களும் எதிரெதிர்த் திசையில் சுழலும் வகை. அதன் இரண்டு எலக்ட்ரான்களும் எட்ட நின்றாலும் பலவீனமாக இணை சேர்ந்திருக்கின்றன. ஒன்று போய் ஹைட்ரஜனைப் பிடிக்க வேண்டுமானால் அந்த இணைப்பை முதலில் உடைக்க வேண்டும், சிங்லெட்டுக்கும் ட்ரிப்லெட்டுக்கும் இடையிலான ஆற்றல் இடைவெளியின் ஒரு பங்கு அதற்கே செலவாகிவிடும். ட்ரிப்லெட்டுக்கு இந்தச் செலவு கிடையாது. அது இரண்டு தனித்தனி ராடிக்கல்கள் போலப் படிப்படியாக வினைபுரிகிறது. ஆக, ட்ரிப்லெட்தான் வேண்டும் என்று முடிவெடுத்த நிமிடமே, இயற்கை இலவசமாகத் தரும் ஒரு பாதுகாப்பை நாம் கைவிட்டுவிடுகிறோம். மாணவியிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் வாடியது. ஆனால் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய செய்தி இது.

நான்காவது எதிரி ஒளி. அதைக் குளோரினைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன். ஐந்தாவதாக, மூலக்கூறின் உள்ளேயே இரண்டு எலக்ட்ரான்களும் சேர்ந்து பிணைப்பாகிவிடுவதும் உண்டு. ட்ரைமெத்திலீன்மீத்தேன் அப்படித்தான் மூடிக்கொண்டு மெத்திலீன்சைக்ளோபுரொப்பேன் ஆகிறது.

சரி, இனி வழிகளுக்கு வருவோம்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது உடல் பருமன்: ராடிக்கல் மையத்தைச் சுற்றி மெசிட்டில், டெர்ஷியரி பியூட்டைல் போன்ற பருத்த குழுக்களை நிறுத்திவிடுவது. இதற்கு ட்ரையாங்குலீனின் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆறு பென்சீன் வளையங்கள் முக்கோணமாக ஒட்டிய இந்த மூலக்கூறுக்கு, எப்படி எழுதிப் பார்த்தாலும் இரண்டு எலக்ட்ரான்கள் இணையில்லாமல் மிஞ்சும். எரிக் கிளார் 1953இல் இதைச் செய்ய முயன்றபோது கிடைத்தது பாலிமர்தான். 2017இல் ஐபிஎம்மின் சூரிக் ஆய்வகமும் வாரிக் பல்கலைக்கழகமும் சேர்ந்து, டைஹைட்ரோ வடிவத்தை உலோகப் பரப்பின் மேல் வைத்து, நுண்ணோக்கியின் ஊசி முனையால் இரண்டு ஹைட்ரஜன்களைத் தட்டிவிட்டு ட்ரையாங்குலீனை ஒற்றை மூலக்கூறாகப் பார்த்தன. அதற்கு மீயுயர் வெற்றிடமும் திரவ ஹீலியக் குளிரும் வேண்டியிருந்தன. 2021, 2022 ஆண்டுகளில், விளிம்புகளில் பருத்த அரைல் குழுக்களை வைத்து, ஜப்பானிலும் சுவிட்சர்லாந்திலும் இருந்த குழுக்கள் அதைக் குடுவையில் கையாளும் பொருளாக மாற்றின. எலும்புக்கூடு அதே எலும்புக்கூடு, விளிம்புக்கு வேலி போட்டார்கள், அவ்வளவுதான். சுமார் எழுபது ஆண்டுக் காத்திருப்பு அந்த வேலியில் முடிந்தது.

இந்த வழியின் அழகு, கார்பன் எலும்புக்கூட்டின் எலக்ட்ரான் அமைப்பைப் பெரிதாகத் தொடாமல் விடுவது. இயற்பியலாளர்கள் கேட்கும் "சுத்தமான" அமைப்பு கிடைக்கும், கரைதிறனும் கூடும். ஆனால் பருத்த குழுவைத் தவறான இடத்தில் வைத்தால் அது மூலக்கூறையே முறுக்கிவிடும். மெட்டா-பினைலீனின் (ஒன்றுவிட்ட இரண்டு இடங்களில் இணைக்கும் பென்சீன் வளையத்தின்) இரு பக்கமும் டெர்ஷியரி பியூட்டைல் நைட்ராக்சைடுகளை (நைட்ரஜன்-ஆக்சிஜன் ராடிக்கல்களை)ப் பொருத்தினால் ட்ரிப்லெட் கிடைக்க வேண்டும் என்பது பாடப்புத்தக விதி. பக்கத்தில் நெரிசல் உண்டாக்கும் குழுக்கள் இருந்து நைட்ராக்சைடுகள் வளையத் தளத்தை விட்டுத் திரும்பிவிட்டால், தாழ்ந்த நிலை சிங்லெட்டாக மாறிவிடுகிறது. 1990களின் தொடக்கத்தில் பிரான்ஸிலும் ஜப்பானிலும் இருந்த குழுக்கள் இதைக் காட்டின. காவலுக்கு வைத்தவரே பொருளை எடுத்துக்கொண்டு போன கதை. ட்ரிப்லெட் தேடுபவர்கள் பருமனை நம்பும் முன், முறுக்குக் கோணத்துக்கு ஒரு டிஎஃப்டி (எலக்ட்ரான் அடர்த்தியை வைத்துக் கணினியில் போடும்) கணக்காவது போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பருமன் என்பது வேகத்தைக் குறைக்கும் தடுப்பு மட்டுமே. ஆக்சிஜன் சின்ன மூலக்கூறு. மெசிட்டில் இன்னொரு டைராடிக்கலை உள்ளே விடாது, ஆனால் ஆக்சிஜனுக்குச் சந்து கிடைத்துவிடும். டைமராவதுதான் உங்கள் பிரச்சினை என்றால் பருமன் நல்ல மருந்து. ஆக்சிஜன்தான் பிரச்சினை என்றால் அரை மருந்து.

இரண்டாவது வழி ஸ்பின்னைப் பரப்புவது. ஓர் இடத்தில் குவிந்திருக்கும் தனி எலக்ட்ரானை, ஒன்றுவிட்டு ஒன்று இரட்டைப் பிணைப்பு வரும் பெரிய பை அமைப்பு முழுக்கக் கரைத்துவிட்டால், எந்த ஓர் அணுவிலும் வினைபுரியப் போதுமான ஸ்பின் இருக்காது என்பது எண்ணம். இதில் பழைய மூவரை வரிசையாக வைத்துப் பார்ப்பது உதவும்: தீலே 1904, சிச்சிபாபின் 1907, மியூல்லர் 1941. நடுவில் முறையே ஒன்று, இரண்டு, மூன்று பென்சீன் வளையங்கள். மூன்றையும் முழுக்கப் பிணைப்புகளால் ஆன குயினாய்டு வடிவிலும் எழுதலாம், இரண்டு முனைகளிலும் தனி எலக்ட்ரான்கள் நிற்கும் டைராடிக்கல் வடிவிலும் எழுதலாம். டைராடிக்கல் வடிவத்தில் நடு வளையங்கள் அரோமாட்டிக் ஆகின்றன. வளையம் கூடக்கூட அந்த லாபமும் கூடுகிறது, டைராடிக்கல் தன்மையும் கூடுகிறது. தீலேயும் சிச்சிபாபினும் கண்டவற்றுக்கு 1986இல் படிக அமைப்பு கிடைத்தது. வளையத்துக்கு வெளியே உள்ள கார்பன்-கார்பன் பிணைப்பு தீலேயில் 1.381 ஆங்ஸ்ட்ராம், சிச்சிபாபினில் 1.415. இரட்டைப் பிணைப்பு மெல்ல அவிழ்ந்துகொண்டிருப்பதை அந்த இரண்டு எண்களிலும் பார்க்கலாம். வினைத்திறனும் அதே வரிசையில்தான் ஏறுகிறது.

பரப்பினால் வினைத்திறன் குறைந்துவிடும் என்பது பாதி உண்மை என்று நான் சொல்வது இதனால்தான். பை அமைப்பை நீட்டும்போது இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன: ஒவ்வோர் அணுவிலும் ஸ்பின் குறைகிறது, மூலக்கூறு முழுவதிலும் டைராடிக்கல் தன்மை கூடுகிறது. எது வெல்லும் என்பது எலும்புக்கூட்டைப் பொறுத்தது. பென்சீன் வளையங்கள் நேர்வரிசையில் ஒட்டிய அசீன்களில் இரண்டாவதுதான் வெல்கிறது. மூன்று வளைய ஆந்திரசீன் அலமாரியில் இருக்கும், ஐந்து வளையப் பென்டசீன் ஒளியிலும் காற்றிலும் கெடும், ஏழு வளைய ஹெப்டசீனைப் பிடித்து வைப்பதே பெரும் பாடு. பென்டசீனின் 6, 13 இடங்களில் சிலைல்எத்தைனைல் குழுக்களை வைத்தபோது, காற்று நிறைந்த கரைசலில் ஒளியின் கீழ் அது சுமார் 50 மடங்கு அதிகம் தாக்குப்பிடித்ததாக 2004இல் அளந்தார்கள். அந்தக் குழுக்கள் பருமனாக இருப்பதால்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அல்கைன் பகுதி மூலக்கூறின் ஆற்றல் நிலைகளைக் கீழே இறக்குவதுதான் முக்கியக் காரணம்.

பரப்பும் வழியை நன்றாகக் கையாண்டவர்களைச் சொல்ல வேண்டுமென்றால் இருவரைச் சொல்வேன். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஜிஷான் வூவின் குழு 2012இல் சிச்சிபாபின் எலும்புக்கூட்டில் நான்கு பென்சீன் வளையங்களைக் கூடுதலாக ஒட்டி, பழைய சேர்மத்தைவிட மிகவும் நிலையான வடிவங்களைப் பெற்றது. ஒரிகன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹேலியின் குழு, ஆந்திரசீனின் இருபுறமும் இண்டீன் அலகுகளை இணைத்து 2016இல் ஒரு டைராடிக்கலாய்டை (ஓரளவு டைராடிக்கல் தன்மை கொண்ட மூலக்கூறை) வெளியிட்டது. அதன் சிங்லெட்-ட்ரிப்லெட் இடைவெளி மோலுக்குச் சுமார் 4 கிலோகலோரி. சூடாக்கினால் ட்ரிப்லெட் தலைகாட்டும், ஆறினால் மறைந்துவிடும். ட்ரான்சிஸ்டரிலும் வேலை செய்தது.

ஆனால் இவை எல்லாம் சிங்லெட்தான் என்பதைக் கவனியுங்கள். இந்த வழியின் விலை அதுவே. இரண்டு ஸ்பின்களும் ஒரே பாதையில் பரவும்போது இணை சேர்ந்துவிடுவதுதான் அவற்றுக்கு வசதி. மெட்டா இணைப்பில் அந்தப் பாதை இல்லாததால் ட்ரிப்லெட் கிடைக்கிறது, ஆனால் பாதுகாப்பும் அதோடு போய்விடுகிறது. 1915இல் ஷ்லெங்க் செய்த மெட்டா ஹைட்ரோகார்பன் ட்ரிப்லெட் என்பது பின்னால் ஈபிஆரில் உறுதியானது. அதன் பாரா இடங்கள் திறந்தே கிடப்பதால் செறிவைக் கூட்டினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காற்றில்லாமல் வேலை செய்ய நாம் தினமும் தொடும் குடுவையும் குழாய்த் தொகுதியும் அதே மனிதரின் பெயரைத் தாங்கியிருப்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு நெகிழ்ச்சி வரும்.

மூன்றாவது குளோரின். எனக்கு மிகவும் பிடித்த வழி இது, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பார்சிலோனாவில் மானுவல் பாலெஸ்டர், ட்ரைபினைல்மெத்திலின் பதினைந்து ஹைட்ரஜன்களையும் குளோரினாக மாற்றினார். 1971இல் விரிவாக வெளியான அந்த பெர்குளோரோ ராடிக்கல், திண்மமாகக் காற்றிலேயே 300 டிகிரி செல்சியஸ் வரை தாங்கியது. கோம்பெர்க்கின் ராடிக்கலை க்ளவ் பாக்ஸுக்குள் வைத்துப் பழகிய கைகளுக்கு இது நம்ப முடியாத பொருள். மேஜை மேல் கண்ணாடிக் குப்பியில் சிவப்புத் தூளாக இருக்கும்.

ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது? மையக் கார்பனை ஒட்டிய ஆறு ஆர்த்தோ குளோரின்களும் மேலும் கீழும் நின்று அதை மூடிவிடுகின்றன. வளையங்கள் காற்றாடி இறக்கைகள் போலத் திரும்பி நிற்பதால் ஸ்பின் வெளியே அதிகம் கசியாமல், மூடப்பட்ட மையத்திலேயே தங்குகிறது. கசியும் கொஞ்சமும் பாரா இடத்துக்குப் போனால் அங்கேயும் குளோரின் நிற்கிறது. பருமன் வழியில் ஆக்சிஜனுக்குக் கிடைத்த சந்து இங்கே இல்லை. டைமருக்கும் வழியில்லை. மூடிய மையம் வெளியே போய் ஹைட்ரஜனைப் பறிக்கவும் முடியாது, இழக்கத் தன்னிடம் ஹைட்ரஜனும் இல்லை. மூன்று எதிரிகளை ஒரே மாற்றம் அடைத்துவிடுகிறது. ஷ்லெங்கின் மெட்டா அமைப்பையே குளோரினால் மூடி, ட்ரிப்லெட் அடிநிலை (மிகத் தாழ்ந்த ஆற்றல் நிலை) கொண்ட நிலையான டைராடிக்கலையும் அதற்கு மேல் ட்ரைராடிக்கலையும் ஜௌமே வெசியானாவின் பார்சிலோனா குழு 1993இல் காட்டியது.

இப்போது நான்காவது எதிரி. குளோரின் வைத்த ட்ரைட்டைல்கள் (ட்ரைபினைல்மெத்தில் வகைகள்) ஒளியைத் தாங்குவதில்லை. கரைசலில் ஒளி பட்டால் பக்கத்து வளையங்கள் ஒட்டிக்கொண்டு புளூரினைல் வகையாகிவிடும், குளோரின் வெளியேறும். மூன்று வளையங்களிலும் மூன்று மூன்று குளோரின் கொண்ட டிடிஎம் இன்று ஒளியுமிழ் டயோடு ஆய்வுகளில் எல்லோரும் எடுத்துக்கொள்ளும் அலகு. 2018இல் அதனோடு கார்பசோல் வகைக் குழுவை இணைத்துச் செய்த சாதனம், 710 நானோமீட்டர் அருகே சுமார் 27 சதவீத வெளிக்குவாண்டம் திறன் (செலுத்திய எலக்ட்ரான்களில் ஒளியாக வெளிவரும் பங்கு) காட்டியது. அந்த டிடிஎம்மின் ஒரு வளையத்துக்குப் பதில் பிரிடின் வளையத்தை வைத்தபோது, புறஊதா ஒளியில் ஆயுள் 115 மடங்கு கூடியதாக ஜப்பானியக் குழு 2014இல் அறிவித்தது. ஒரே ஒரு நைட்ரஜன் இவ்வளவு உதவுகிறது என்றால், அது இல்லாத மூலக்கூறு ஒளியில் எவ்வளவு பலவீனம் என்று புரிந்துகொள்ளலாம். குளோரின் வழியில் போகிறவர் தொகுப்பின் கடைசிப் படியிலிருந்து அலுமினியத் தாளைக் கையில் வைத்திருக்க வேண்டும். குப்பியையும் க்ரோமட்டோகிராபிக் குழாயையும் சுற்ற வேண்டும், ஈபிஆர் குழாயைக்கூடச் சுற்றிக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

தொகுப்பும் சுலபமில்லை. பதினைந்து குளோரின்களையும் உள்ளே தள்ள சல்பியூரைல் குளோரைடு, அலுமினியம் குளோரைடு, சல்பர் மோனோகுளோரைடு சேர்ந்த கடுமையான கலவை வேண்டும். நெரிசலான வளையங்களில் பிறகு ஏதாவது இணைப்பு வினை செய்யப் போனால் விளைச்சல் படுத்துவிடும். எலக்ட்ரானை இழுக்கும் குளோரின்கள் நிறைய இருப்பதால் இந்த ராடிக்கல்கள் எளிதாக ஒடுக்கமடைந்து எதிரயனி ஆகின்றன என்பதையும் மறக்கக் கூடாது. காரமான கரைசலில் நிறம் மாறினால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நான்காவது வழி, தனி எலக்ட்ரானைக் கார்பனிலிருந்தே கிளப்பி, நைட்ரஜன், ஆக்சிஜன் போன்ற அணுக்களில் குடிவைப்பது. டெம்போ போன்ற நைட்ராக்சைடுகளில் அந்த எலக்ட்ரான் நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் பொதுவாக இருக்கிறது. இரண்டு நைட்ராக்சைடுகள் சேர்ந்தால் உண்டாவது பலவீனமான ஆக்சிஜன்-ஆக்சிஜன் பிணைப்பு. இருக்கும் நிலைப்பை விட்டுவிட்டு அதற்குப் போவதில் லாபமில்லை. மூலக்கூறு ஆக்சிஜனோடு சேர்வதிலும் லாபமில்லை. இங்கே பாதுகாப்பு வேலியால் வரவில்லை, ஆற்றல் கணக்கிலேயே வருகிறது. பருமன் வழிக்கும் இதற்கும் அடிப்படை வேறுபாடு இதுதான்.

குறையும் உண்டு. வைட்டமின் சி போன்ற ஒடுக்கிகள் நைட்ராக்சைடைச் சுலபமாக ஹைட்ராக்சிலமீன் ஆக்கிவிடும். நைட்ரஜனுக்கு அடுத்த கார்பனில் ஹைட்ரஜன் இருந்தால் இரண்டு மூலக்கூறுகள் தங்களுக்குள்ளேயே வினைபுரிந்து கெடும். இரண்டு நைட்ராக்சைடுகளைப் பூரித பாலத்தால் இணைத்தால் இரண்டு ஸ்பின்களும் ஒன்றையொன்று பெரிதாகக் கண்டுகொள்ளாது. சிலருக்கு அதுவே தேவை. திடநிலை என்எம்ஆர் சமிக்ஞையைப் பெருக்கும் டைனமிக் நியூக்ளியர் போலரைசேஷனுக்கு 2006இல் எம்ஐடியில் வந்த டோட்டபோலும் 2013இல் மார்செய்யில் வந்த அமுபோலும் இந்த வகை இரட்டை நைட்ராக்சைடுகள்தான். அந்த வேலைக்கு டைராடிக்கல் தேடுபவர் மற்ற மூன்று வழிகளையும் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

ட்ரிப்லெட்டும் வேண்டும், காற்றும் தாங்க வேண்டும் என்பவர்களுக்கு, நைட்ரஜன்கள் நிறைந்த பிளாட்டர் ராடிக்கல் ஒரு நல்ல நடுவழி. 1968இல் விவரிக்கப்பட்ட இந்த அலகு பல பத்தாண்டுகள் ஓரமாகக் கிடந்தது. நெப்ராஸ்காவில் ஆண்ட்ரெய் ராய்சாவின் குழு 2022இல் இரண்டு பிளாட்டர் அலகுகளை இணைத்து ட்ரிப்லெட் அடிநிலை கொண்ட டைராடிக்கலைச் செய்தது. சூட்டில் அது சிதையத் தொடங்கியது 264 டிகிரிக்கு மேல்தான். வெற்றிடத்தில் ஆவியாக்கி மெல்லிய படலமாகப் படியவைத்தார்கள், காற்றில் 18 மணி நேரமாவது அப்படியே இருந்தது. டைராடிக்கலை ஆவியாக்கிப் பூசுவது என்பதே எனக்கு முதலில் நம்ப முடியாததாக இருந்தது.

இதிலும் விலை இருக்கிறது, அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். அந்த மூலக்கூறின் சிங்லெட்-ட்ரிப்லெட் இடைவெளி மோலுக்கு 0.4 முதல் 0.5 கிலோகலோரி. அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலே சுமார் 0.6. இரண்டு ஸ்பின்களுக்கும் இடையே எந்தத் தொடர்பும் இல்லாவிட்டால்கூட, ட்ரிப்லெட்டுக்கு மூன்று துணைநிலைகள் இருப்பதால் 75 சதவீத மூலக்கூறுகள் அதில் இருக்கும். 0.45 இடைவெளியோடு போல்ட்ஸ்மான் கணக்குப் போட்டால் 86 சதவீதம் வருகிறது. வித்தியாசம் அவ்வளவுதான். மெட்டா-சைலைலீனில் இடைவெளி 9.6 கிலோகலோரி, அங்கே சூடான நாளிலும் ஏறக்குறைய எல்லாமே ட்ரிப்லெட். ஆனால் அந்த மெட்டா-சைலைலீனைக் குப்பியில் வைக்க முடியாது. ஸ்பின்னைக் கார்பனிலிருந்து நகர்த்தி நிலைத்தன்மையை வாங்கும்போது, இரண்டு ஸ்பின்களுக்கு இடையிலான பிடிப்பை விலையாகக் கொடுக்கிறோம்.

சரி, யாருக்கு எது? கார்பன் எலும்புக்கூட்டின் காந்தத் தன்மையைத்தான் படிக்க வேண்டும், வேறு அணு குறுக்கே வரக்கூடாது என்றால் பருமன் வழி. அதற்குப் பொறுமையும் நல்ல க்ளவ் பாக்ஸும் வேண்டும். ட்ரான்சிஸ்டர், அருகு அகச்சிவப்பு உறிஞ்சல், சிங்லெட் பிளவு (ஒரு சிங்லெட் கிளர்நிலை இரண்டு ட்ரிப்லெட்டுகளாகப் பிரிவது) ஆகியவற்றில் ஆர்வம் இருந்தால் பரப்பும் வழியில் போங்கள், அங்கே சிங்லெட்டாக இருப்பது ஒரு குறையல்ல. அளக்கும் நேரம் முழுக்க நம்பிக்கையாக இருக்கும் ட்ரிப்லெட் வேண்டும், வேலையெல்லாம் இருட்டில் நடக்கும் என்றால் குளோரின். படலமாகப் பூசி, காற்றில் எடுத்துப் போய் அளக்க வேண்டும் என்றால் பிளாட்டர். வலுவான பிடிப்பும் காற்றில் நீண்ட ஆயுளும் ஒளியைத் தாங்கும் திறனும் மூன்றும் சேர்ந்த மூலக்கூறு கேட்டால், அதை நம்பி ஒன்றரை ஆண்டுத் திட்டம் போட வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

முடிவெடுக்கும் முன் செய்யக்கூடிய சின்னச் சோதனைகள் சில உண்டு, இவற்றைத் தள்ளிப்போட வேண்டாம். இறுதி மூலக்கூறுக்குக் காத்திருக்காமல், அதே அலகு ஒன்று மட்டும் உள்ள மோனோராடிக்கலை முதலில் செய்யுங்கள். அதைக் காற்று நிறைந்த டொலுயீனில் கரைத்து, ஒரு குவெட்டை (உறிஞ்சலை அளக்கும் சிறு கண்ணாடிக் கலம்) இருட்டிலும் இன்னொன்றை ஜன்னல் ஓரத்திலும் வைத்து, உறிஞ்சல் நிறமாலையை மணிக்கொரு முறை எடுங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் தேய்ந்தால் எதிரி ஆக்சிஜன். ஜன்னல் ஓரத்தில் உள்ளது மட்டும் தேய்ந்தால் ஒளிதான் முதல் சந்தேகம், ஆக்சிஜனை வெளியேற்றிய மூன்றாவது குவெட்டையும் ஒளியில் வைத்து அதை உறுதி செய்துகொள்ளுங்கள். செறிவைப் பத்து மடங்கு கூட்டும்போது தேய்வு மட்டுமீறி வேகமெடுத்தால் டைமர். ஹைட்ரஜனை எளிதில் விட்டுக்கொடுக்கும் டைஹைட்ரோஆந்திரசீன் சேர்த்ததும் வேகம் கூடினால் ஹைட்ரஜன் பறிப்பு. உறைய வைத்து, பம்ப் போட்டு, உருக்கும் சுற்றை மூன்று முறையாவது செய்யாமல் "காற்றில்லாத" அளவீடு என்று எழுதாதீர்கள். என்எம்ஆரில் சிகரங்கள் அகன்று மறைந்தால் அது மாசு என்று உடனே தூக்கிப் போடவும் வேண்டாம். குளிர வைத்துப் பாருங்கள், சிகரங்கள் கூர்மையாகத் திரும்பி வந்தால் சூட்டில் ட்ரிப்லெட் எட்டிப்பார்க்கிறது என்று பொருள்.

டைராடிக்கல் கிடைத்ததும் ஈபிஆரில் வழக்கமான காந்தப் புலத்தின் பாதியில் வரும் பலவீனமான சமிக்ஞையைத் தேடுங்கள். அது இருந்தால் ட்ரிப்லெட் இருக்கிறது என்று சொல்லலாம். அதுதான் அடிநிலை என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு வெப்பநிலையை மாற்றி மாற்றிக் காந்த ஏற்புத்திறனை அளக்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்ட கட்டுரைகளை நான் நிறையவே படித்திருக்கிறேன்.

அந்த மாணவி பிளாட்டரைத்தான் எடுத்துக்கொண்டார். மனதளவில் நான் குளோரின் பக்கம். ஆனால் அவர் படலம் பூச வேண்டியவர், பூச்சு அறையின் விளக்கை அணைக்கவும் முடியாது. மோனோராடிக்கல் போன வாரம் தயாரானது. பழுப்புக் கலந்த சிவப்பில் இரண்டு குவெட்கள் வைத்திருக்கிறார், ஒன்று மேஜை டிராயருக்குள், இன்னொன்று ஜன்னல் ஓரத்தில்.